எம்-சாண்ட் கொட்டிய கடற்கரை

அன்பு ஜோயல் கண்ணு,

நேற்று நீ போனில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். கோபத்தில் வைத்தேன் என்று நினைத்திருப்பாய். கோபமாக இருந்தால் அப்போதே நாலு திட்டுத் திட்டியிருப்பேன். உன் குரலைக் கேட்கக் கேட்க எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது, அதனால்தான் வைத்தேன். "ஒரே ஒரு வார்த்தைம்மா. தெரியாம சொல்லிப்போட்டேன்னு தெரசாக்காகிட்டச் சொல்லிரு. மாமா சமாதானம் ஆயிருவாரு. வர்ற ஞாயித்துக்கிழமையாவது ஓலை வாசிச்சிருவாங்க" என்றாய். எவ்வளவு பதமாகச் சொன்னாய். சின்ன வயதில் மிட்டாய் வேண்டுமென்றால் கூட நீ இப்படிக் குழைந்ததில்லை. பூசையில் சாமியார் சபைக்கு அறிவிக்கிற உன் கல்யாண ஓலை வாசிக்கப்படாமல் நின்றதற்கு நான்தான் காரணம் என்று உன் வருங்கால மாமனார் உன்னிடம் சொல்லியிருக்கிறார், நீயும் நம்பிவிட்டாய். நேரில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், எனக்கு மூச்சு வாங்கும். அதனால் எழுதுகிறேன். உறையை ஒட்டவில்லை. சரவணம்பட்டி அறையில் உன்னோடு தங்கியிருக்கிற பையன் படித்தாலும் சரி, உன் மாமனாரே படித்தாலும் சரி.

அசிங்கம் என்ற சொல்லை நான் லேசில் சொல்கிறவள் இல்லை. நர்ஸ் வேலை பார்த்தே தலை நரைத்தவள். புழு வைத்த புண்ணைக் கழுவியிருக்கிறேன். படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களின் துணியை மாற்றிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, வீட்டுக்கு வந்து உனக்குப் பருப்புச் சாதம் பிசைந்து ஊட்டியிருக்கிறேன். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. மனுஷ உடம்பு அப்படித்தான், அது என்ன செய்யும் பாவம் என்று இருந்துவிடுவேன். ஆனால் இந்த வைகாசியில் ஒரு மத்தியானம் ஏரிக்கரையில் நான் பார்த்ததும், அதற்கப்புறம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உன் வாயிலிருந்து நான் கேட்டதும் இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது. தட்டில் சோற்றைப் போட்டால் அந்த வாடை வருகிறது.

அந்தத் தண்ணீர்ப் பலகை விளையாட்டின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா போன பிறகு நீ ஆபீஸ், ஆபீஸ் விட்டால் அறை என்று கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாய். கூட வேலை பார்க்கிறவர்கள் யாரோ உன்னை ராமேஸ்வரம் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது மூக்குத் தோல் உரிந்திருந்தது, உள்ளங்கை முழுக்கக் கொப்புளம், முகத்தில் மட்டும் நான் ரொம்ப நாளாகப் பார்க்காத ஒரு சிரிப்பு. அப்புறம் ஒரு தரம் என்னையும் அழைத்துப் போய்க் காட்டினாய். பலகையின் மேல், காற்று வாங்குகிற பாய்மரத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். கொஞ்ச தூரம் எல்லாப் படகும் போகிற மாதிரிதான் போனது. திடீரென்று பலகை தண்ணீரை விட்டு மேலே எழுந்தது. பலகைக்கு அடியில் ஒரு கம்பும் அதன் நுனியில் விமான இறக்கை மாதிரி ஒன்றும் இருக்கிறது, அது தண்ணீருக்குள் ஓடுகிறது, அதுதான் மேலே தூக்குகிறது என்று நீ முன்பே விளக்கியிருந்தாய். அப்படியும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. சத்தமே இல்லாமல், முழங்கால் உயரத்துக்கு அந்தரத்தில், நீலத் தண்ணீருக்கு மேலே என் பிள்ளை போகிறான். ஈர மணலில் உட்கார்ந்து ஜெபமாலையை உருட்டிக்கொண்டே பார்த்தேன். அப்பா பார்க்காமல் போய்விட்டாரே என்று இருந்தது. அந்தப் பறப்பைத்தான் நீ கொண்டுபோய்ச் சாக்கடையில் இறக்கினாய்.

அன்றைக்கு, உன் மாமனார் தான் கட்டுகிற வீடுகளை விற்க ஏரிக்கரையில் வைத்த நிகழ்ச்சிக்குப் போய்க் காரை விட்டு இறங்கியதும் என் செருப்பு புதைந்தது. குனிந்து பார்த்தால் எம்-சாண்ட். கட்டடத்துக்குக் கலவை போடுகிற அதே கல்தூளை லாரி லாரியாகக் கொட்டிக் கரையில் நிரவி, தென்னங்கீற்றுக் குடை நட்டு, 'பீச்' என்று பலகை வைத்திருந்தார் உன் மாமனார். "வாங்க சம்பந்தி. கோயமுத்தூர்ல எல்லாம் இருக்குது, கடல் மட்டும் இல்லீங்களேன்னு சொல்லுவாங்க. அந்தக் குறையும் தீர்ந்துதுங்க" என்று கையைக் கூப்பினார். ஷாமியானாவுக்கு அடியில் வீடு வாங்க வந்தவர்கள் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். பாலக்காட்டுப் பக்கமிருந்து வைகாசிக் காற்று விசிறி அடித்தது. உனக்குக் காற்று வேண்டும், வந்தது. வரும்போது ஏரி முழுவதையும் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் மூஞ்சியில் கொட்டியது. அழுகின முட்டை, சோப்புத் தண்ணீர், கக்கூஸ், எல்லாம் கலந்த ஒரு வாடை. ஒருவன் நாலு மூலையிலும் சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தான், இன்னொருவன் மல்லிகை ஸ்பிரே அடித்துக்கொண்டிருந்தான். மலத்தின் மேல் மல்லிகை வாசம் அடித்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். ஒரு பெண் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்தியபோது உன் மாமனார் சிரித்துக்கொண்டே சொன்னார்: "பக்கத்துத் தோட்டத்துல எரு கொட்டியிருக்காங்க அம்மணி. சுத்தமான வெவசாய வாசம்."

குரோட்டன்ஸ் தொட்டிகளை வரிசையாக அடுக்கி மறைத்திருந்தார்கள். நான் கை கழுவத் தண்ணீர் தேடிப் போனபோது தொட்டிகளுக்குப் பின்னால் கருப்புக் குழாய் தெரிந்தது. அவர் முன்பே கட்டிக் குடிவைத்த வீடுகளிலிருந்து நேராக வந்து ஏரியில் விழுந்துகொண்டிருந்தது. விழுகிற இடத்தில் சாம்பல் நிற நுரை. ஆகாயத்தாமரையை நடுவில் மட்டும் பொக்லைன் வைத்து வழித்து, நீ ஓடுவதற்கு ஒரு பாதை வெட்டியிருந்தார்கள். நான் திரும்பி ஓடி வருவதற்குள் நீ பலகையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாய். உன் மாமனார் உன் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டு, மைக்கைப் பிடித்துக்கொண்டார்.

நீ எழும்பியது உண்மை. எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு தண்ணீருக்குள் எதுவோ சிக்கியது. பலகை நின்றது, நீ நிற்கவில்லை. தலைகுப்புற விழுந்தாய். எழுந்து நின்றபோது நெஞ்சு வரைக்கும் தார் பூசின மாதிரி கருப்புச் சேறு. வாயிலிருந்து துப்பினாய், மறுபடி துப்பினாய். பலகையைப் புரட்டியபோது இறக்கையில் ஒரு பழைய நைட்டியும், தலைமயிர்க் கற்றையும், ஊதிப்போன ஒரு குழந்தை டயப்பரும் சுற்றியிருந்தன. நீ அவற்றைக் கையால் பிய்த்து எறிந்தாய். ஒரு குழந்தையை இடுப்பில் வைத்திருந்த பெண் கேட்டாள்: "தண்ணி ஏனுங்க இப்படிக் கருப்பா இருக்குது?" உன் மாமனாருக்குக் கண் கூடச் சிமிட்டவில்லை. "ஏரி மண்ணே கரிசலுங்க" என்றார். பெனிட்டா ஜூஸ் தட்டை வைத்துவிட்டு உன்னிடம் வரப் பார்த்தாள். "அம்மணி, சேலை பாழாயிரும், அங்கயே நில்லு" என்று மகளை நிறுத்தினார்.

நீ கரைக்கு வந்தாய். அப்போது அவர் என்ன செய்தார் என்று நீ கவனித்தாயா என்று தெரியவில்லை, நான் கவனித்தேன். கொஞ்சம் முன்னால் உன் தோளில் கை போட்டிருந்த மனுஷன் நாலடி பின்னால் நகர்ந்தார். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, மற்ற கையால் ஏரியைக் காட்டினார். "மாப்ள, டிரோன்ல படம் புடிக்கறவன் கோட்டை உட்டுட்டான். மூஞ்சியக் கழுவிப்போட்டு இன்னொருக்கா போயிட்டு வந்துருங்க." நான் உன் கையைப் பிடித்தேன். சேறு என் விரலுக்குள் வழுக்கியது. "கண்ணு, போதும். வா ஊட்டுக்குப் போலாம்" என்றேன். நீ கையை உருவிக்கொண்டாய். "அஞ்சு நிமிஷம்மா. எல்லாரும் பாக்கறாங்க." அவரைப் பார்த்துச் சிரித்தாய். "சரிங்க மாமா" என்றாய். பல்லிடுக்கில் கருப்பு இருந்தது.

இரண்டாம் தடவை நீ விழவில்லை. நன்றாகப் பறந்தாய். ஒரு கையை விட்டுக் கூட்டத்துக்கு ஆட்டினாய். "நம்ம மாப்பிள்ளையே இறங்கி வெளையாடறாரு. இதுக்கு மேல என்னங்க சர்டிபிகேட் வேணும்?" என்று உன் மாமனார் குரல் மைக்கில் கேட்டது. அந்த வீடியோதான் இப்போது எல்லோர் போனிலும் இருக்கிறது. முதல் தடவை விழுந்தது அதில் இல்லை. அதற்கப்புறம் பிரியாணி போட்டார்கள். நான் காரில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

உன் அப்பாவை இந்த இடத்தில் இழுப்பது உனக்குப் பிடிக்காது. அப்படியும் சொல்கிறேன். நீ கைக்குழந்தை, அவர் அப்போது காங்கேயம் தடத்தில் ஒரு தனியார் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. இன்றைக்கு ஒரு நடை மட்டும் போய் வா, சாயங்காலம் பார்த்துக்கலாம் என்றார் முதலாளி. அப்பா பஸ்ஸுக்குள் ஏறி, உட்கார்ந்திருந்தவர்களிடம், "பிரேக் சரியில்லீங்க, எறங்கி அடுத்த வண்டில போங்க" என்று சொல்லிவிட்டு, சாவியை ஆபீஸில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். ஒருத்தர் கூட அவருக்கு நன்றி சொல்லவில்லை. கல்யாணத்துக்கு நேரமாகிவிட்டது என்று ஒரு பெரியவர் அவரைக் கெட்ட வார்த்தையில் திட்டினாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். வேலை போய்விட்டது, அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு யாருக்கும் புதுத்துணி இல்லை. ஆனால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட எனக்கு என்றைக்கும் கஷ்டமாக இருந்ததில்லை, ஜோயல்.

உனக்குக் காய்ச்சல் வந்தபோது முதல் பார்வையிலேயே எனக்குச் சந்தேகம். கண் இரண்டும் சிவந்து, கெண்டைக்கால் தொட்டாலே கத்தினாய். எத்தனை எலிக்காய்ச்சல் பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அந்த இளவயசு டாக்டரம்மா உன் பக்கத்தில் உட்கார்ந்து, "சமீபத்துல தேங்குன தண்ணி, சாக்கடைத் தண்ணி எதுலயாவது இறங்கினீங்களா?" என்று கேட்டாள். கட்டிலின் மறுபக்கம் ஆப்பிளும் ஆரஞ்சும் நிறைந்த கூடையோடு உன் மாமனார் நின்றிருந்தார். நீ அவர் முகத்தைப் பார்த்தாய். "ராமேஸ்வரம் போயிருந்தேன் டாக்டர். கடல்லதான்..." என்றாய். "கடல் தண்ணில இது வராதே" என்றாள் அவள். "அங்க ஒரு குட்டை இருந்துதுங்க, கால் கழுவினேன்" என்றாய். இல்லாத குட்டையை ஒரு நொடியில் வெட்டிவிட்டாய். உன் மாமனார் தலையை ஆட்டினார். "ஆமாங்க டாக்டர், ஊர் சுத்தற பசங்க" என்றார். சிறுநீரகத்தைப் பிடிக்கிற நோய், கண்ணு. மருந்து கொடுக்கிறவளிடமே பொய் சொன்னாய். நான் குறுக்கே வந்து ஏரியையும் குழாயையும் சொன்னபோது, நீ முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாய். வாந்தியும் மஞ்சள் கண்ணுமாக நீ கிடந்த அத்தனை நாளும் உன்னைத் துடைத்தேன், மாற்றினேன், அதில் எனக்கு ஒரு அருவருப்பும் இல்லை. அந்தக் குட்டையை நினைத்தால்தான் குமட்டுகிறது.

நீ எழுந்து நடமாடத் தொடங்கி, சரவணம்பட்டிக்குப் போன பிறகுதான் தெரசா போன் செய்தாள். பாடற்குழுவில் இத்தனை வருஷமாக என் பக்கத்தில் நின்று பாடுகிறவள், உன் ஞானஸ்நானத்துக்கு வந்தவள். "ஜோயலு வீடியோ பாத்தேனுங்க அக்கா. என்னமா பறக்கறான். எங்க பொண்ணு அங்கதான் ஊடு பாக்கறா. பேரப்புள்ளைக தண்ணியக் கண்டா உடாதுங்க. உங்க பையனே அதுல வெளையாடறான்னா தண்ணி நல்லாத்தானுங்க இருக்கும்?" என்றாள். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "நாளைக்கு வாரேன் தெரசா" என்று மட்டும் சொன்னேன். மறுநாள் அன்னூர் பஸ் ஏறி அவள் வீட்டுக்குப் போனேன். அவளும் அவள் மகளும் உட்கார்ந்திருந்தார்கள், குழந்தைகள் இரண்டும் பிளாஸ்டிக் வாளியை வைத்துக்கொண்டு குழாயடியில் விளையாடிக்கொண்டிருந்தன. குழாய், நுரை, நீ விழுந்தது, காய்ச்சல், எல்லாவற்றையும் சொன்னேன். தெரசா மகளின் போனை வாங்கி, அந்த வீடியோவைப் போட்டு, நீ கையாட்டுகிற இடத்தில் நிறுத்தினாள். "அப்புறம் ஏனுங்க அக்கா இவன் சிரிக்கறான்?" என்று கேட்டாள். அதை நீதான் சொல்ல வேண்டும்.

அவர்கள் அந்த வீடு வேண்டாம் என்று சொன்ன அன்றைக்கே உன் மாமனார் நம் வீட்டுக்கு வந்துவிட்டார். மரியாதையாகத்தான் பேசினார், அவர் எப்போதும் மரியாதையாகத்தான் பேசுகிறார். "ஏனுங்க சம்பந்தி, ஏரியப் பாத்த மாதிரி மூணாவது மாடி வீட்டை நம்ம புள்ளைக ரெண்டு பேருக்குத்தானுங்க வெச்சிருக்கறேன். என்ற பொண்ணு வாழப்போற எடத்தையே நீங்க அசிங்கம்னு சொல்லலாமுங்களா?" என்றார். "குழாயை அடைங்க. மத்ததை அப்புறம் பேசலாமுங்க" என்றேன். "எல்லாருந்தானுங்க உடறாங்க. நான் ஒருத்தன் அடைச்சா ஏரி சுத்தமாயிருங்களா?" என்று கேட்டார். வேஷ்டியில் ஒரு பொட்டு அழுக்கில்லை. பவுடர் வாசம் வந்தது. காபி குடிக்கிறீர்களா என்று நான் கேட்கவில்லை. இந்த வீட்டுக்கு வந்து ஒரு வாய் தண்ணீர் கூடக் குடிக்காமல் எழுந்து போன முதல் ஆள் அவர்தான். வாசலில் நின்று, "தெரியாம சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. இல்லாட்டி ஓலை வாசிக்கறது கஷ்டமுங்க" என்றார்.

ஓலை நின்றது. அவர் நிறுத்தினார் என்று நான் நினைத்துக்கொண்டேன், நான் நிறுத்தினேன் என்று நீ நினைத்துக்கொண்டாய். ஞாயிறு பூசை முடிந்து நான் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் பெனிட்டா ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்துவிட்டாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "அத்தை, ஃபாதர்கிட்டப் போயி ஓலைய நிறுத்தச் சொன்னது நானுங்க" என்றாள். எனக்குப் புரியவில்லை. அவள் அழவும் இல்லை. "அப்பாவ எனக்குத் தெரியுமுங்க. அவரு அப்படித்தான். ஜோயல் அப்படி இல்லைன்னு நெனச்சிருந்தேன். அந்த நிகழ்ச்சிக்கு முந்தின நாளே ஜோயலைக் கூட்டிட்டுப் போயி அந்தக் குழாயக் காட்டினேனுங்க. எறங்க வேண்டாம்னு சொன்னேன். 'ஒரு மத்தியானந்தானே, மாமா ஆசைப்படறாரு, கண்ணை மூடிட்டுப் போயிட்டு வந்தர்றேன்'னாருங்க."

அதுவரைக்கும் நான் உனக்காக ஒரு சாக்கு வைத்திருந்தேன், கண்ணு. பையனுக்குத் தெரியாது, விழுந்த பிறகுதான் தெரிந்தது, அத்தனை பேர் முன்னால் மறுக்கக் கூச்சப்பட்டுவிட்டான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். குழாயைப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினாய். தண்ணீர் ஏன் கருப்பு என்று கேட்ட அந்தப் பெண்ணும், அவள் இடுப்பிலிருந்த குழந்தையும் உன்னைப் பார்த்துத்தான் நம்பினார்கள் என்பது உனக்குத் தெரியும். அந்த ஏரி தானாக நாறவில்லை, ஒவ்வொருவரும் ஒரு மத்தியானந்தானே என்று கண்ணை மூடிக்கொண்டதால்தான் நாறுகிறது. இனி நீ யார் வீட்டுக்கு மருமகனாகப் போனாலும், எந்த ஆபீஸில் வேலை செய்தாலும், உனக்கு முன்னால் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு உன்னை மட்டும் உள்ளே இறங்கச் சொல்கிறவர்கள் வருவார்கள். அன்பாகத்தான் சொல்வார்கள், மாப்ள என்றுதான் கூப்பிடுவார்கள். அவர்கள் எத்தனை அடி தள்ளி நிற்கிறார்கள் என்று ஒரு தரம் பார். உன் அம்மாவாக இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தெரசாவிடம் நான் சொன்னதில் ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன்.

பெனிட்டா உன்னை வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த மூணாவது மாடிக்கு வரமாட்டேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். வருகிற சனிக்கிழமை மத்தியானம் மறுபடி வீடு பார்க்க ஆட்களை அழைத்திருக்கிறாராம் அவள் அப்பா. நுழைவாசலில் நீ பறக்கிற படத்தைப் பனைமர உயரத்துக்கு வைத்திருக்கிறார்களாம். அதற்குக் கீழே நின்று, வருகிறவர்கள் ஒவ்வொருவரிடமும் குழாய் இருக்கிற இடத்தைச் சொல்லப்போகிறேன் என்றாள். "தனியாவா?" என்று கேட்டேன். தலையாட்டினாள். நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். உன்னிடம் இதைச் சொல்லலாமா என்று கேட்டதற்கு, "சொல்லுங்க அத்தை, வரச்சொல்லிக் கூப்பிட மட்டும் கூப்பிடாதீங்க" என்றாள். அதனால் நான் உன்னைக் கூப்பிடவில்லை.

மாத்திரையை நடுவில் நிறுத்திவிடாதே, டாக்டரம்மா சொன்ன வரைக்கும் சாப்பிடு. சனிக்கிழமை நீயாக வருவதாக இருந்தால் காலுக்கு நல்ல ஷூ போட்டுக்கொண்டு வா, அந்த மண்ணில் வெறுங்காலோடு நிற்காதே.

அம்மா